யமகோஷிக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

போன அக்டோபரில் நாகவோகாவிலிருந்து காரில் மலை ஏறினேன். ஜப்பானின் நீகாட்டா மாகாணத்து யமகோஷியைப் பார்க்கத்தான். 2005 ஏப்ரல் 1 அன்று நாகவோகா நகரத்தோடு சேர்க்கப்படும் வரை அது தனிக் கிராமம். நகரம் என்று சொல்லும்படி ஒன்றும் கண்ணில் படவில்லை. வளைவுக்கு வளைவு குளங்கள்தான்.

பங்களாத் தொட்டிகளில் நீந்தும் கோய் மீனுக்குத் தாய்வீடு இந்த மலைப்பக்கம்தான். பனி மூடிவிட்டால் வெளியே போக வழியில்லை என்பதால், சாப்பாட்டுக்கென்று கெண்டை வளர்த்தவர்கள் இவர்கள். ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் சில குஞ்சுகள் நிறம் மாறிப் பிறக்க, அவற்றைத் தனியே எடுத்து வளர்த்தார்கள்.

பனி விழுவதற்குள் மீன்களைக் கூரைக்குள் மாற்றும் நேரம் அது. இடுப்பளவு சேற்று நீரில் வலையை இழுத்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். என் அரைகுறை ஜப்பானியத்தில் "நீங்கள் நாகவோகாக்காரரா?" என்று கேட்டுத் தொலைத்தேன். வலையை விடாமலே "யமகோஷி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. 2004 அக்டோபர் 23 மாலை 5.56-க்கு 6.8 அளவில் நிலநடுக்கம். சாலைகள் எல்லாம் அறுந்துபோக, சுமார் 2,200 பேரையும் ஹெலிகாப்டரில் கீழே கொண்டுவந்தார்கள். இணைப்புப் பேச்சு அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. மக்கள் தற்காலிக வீடுகளில் இருக்கும்போதே கிராமம் கணக்கில் முடிந்துபோனது. "யமகோஷிக்குத் திரும்புவோம்" என்று அவர்களைச் சேர்த்துப் பிடித்த நகாஷிமா தடாயோஷிதான் கடைசிக் கிராமத் தலைவர். முகவரியில் இன்று 'கிராமம்' போய்விட்டது, 'யமகோஷி' நிற்கிறது.

கொகோமோ என்ற குடியிருப்பில் மண் சரிந்து ஆற்றை அடைக்க, வீடுகள் மூழ்கின. சேற்றில் பாதி புதைந்த வீட்டை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். பக்கத்தில் போய் நின்றால் கூரை என் தோளுக்கு வருகிறது.

—

அண்ணா, காளைச் சண்டையை விட்டுவிட்டீர்களே! நான் மே மாதம் போயிருந்தேன். எந்தக் காளை ஜெயித்தது என்று பக்கத்திலிருந்த அம்மாவிடம் கேட்டால் சிரிக்கிறார். இங்கே ஜெயிப்பது என்பதே கிடையாதாம். சண்டை சூடு பிடிக்கும் நேரம் பார்த்து, சேகோ என்கிற ஆட்கள் பின்னங்காலில் கயிறு வீசி, மூக்கைப் பிடித்து நிறுத்திவிடுகிறார்கள். தோற்ற காளை அடுத்த முறை மிரளும் என்பதால் இப்படியாம். 2004-இல் ஆட்களோடு காளைகளையும் ஹெலிகாப்டரில்தான் இறக்கினார்களாம், அதையும் அந்த அம்மாதான் சொன்னார்.

—

நான் போனதே இல்லை, ஆனால் ஊர்க்காரன்! 2021 டிசம்பரில் கோய் மீன் படத்தோடு என்எஃப்டி, அதாவது இணையத்தில் வாங்கும் டிஜிட்டல் உரிமைச் சான்று, வெளியிட்டார்கள். வாங்கினால் 'டிஜிட்டல் கிராமவாசி'. அங்கே அப்போது நிஜமாகக் குடியிருந்தவர்கள் 800 பேர் அளவில்தான், அடுத்த ஆண்டே நாங்கள் அவர்களைத் தாண்டிவிட்டோம். வீட்டில் இன்னும் கேலி செய்கிறார்கள். சரி, பிப்ரவரியில் பனி வாரவாவது போகலாம் என்றிருக்கிறேன். மண்வாரி பிடிக்கத் தெரிந்தவர் யாராவது கூட வருகிறீர்களா?