ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தேன், மீன் கடையில் நிற்கிறேன். தேவ சித்தத்தை விட்டு விலகிவிட்டேனா?

காசிமேட்டு மகள்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

அப்பா விசைப்படகில் டிரைவராக இருந்தவர். அம்மா மீன் விற்பவர். நான் பி.காம். முடித்த வருஷம் சபையின் வாலிபர் முகாமில் என்னை முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தேன். கூட்டத்தோடு அழுது எடுத்த முடிவு இல்லை. பள்ளியில் படிக்கும்போதே ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வேன், அதில்தான் எனக்கு உயிர். வேதாகமக் கல்லூரியில் இடம் கிடைத்தது. துணிமணி எடுத்து வைத்தாயிற்று, பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணி அனுப்ப நாளும் குறித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது என்றார்கள். இப்போது வாரத்துக்கு 3 முறை ஸ்டான்லியில் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். அரசு மருத்துவமனை என்பதால் சிகிச்சைக்குச் செலவில்லை. ஆனால் ஆட்டோவுக்கும் வீட்டு வாடகைக்கும் தம்பியின் பாலிடெக்னிக் படிப்புக்கும் பணம் வேண்டுமே. அப்பாவோடு ஓர் ஆள் போயே ஆக வேண்டும், அம்மா போகிறார். அம்மா உட்கார்ந்த இடத்தில் இப்போது நான். விடிவதற்கு முன்னால் ஏலத்தில் சங்கராவோ காரப்பொடியோ எடுத்துவந்து, மதியம் வரைக்கும் வெட்டி விற்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் காசிமேட்டில் ஜனம் அலைமோதும். அந்த ஒரு நாள் வியாபாரத்தை விட்டால் வாரம் முழுக்க இழுபறி. அதனால் ஞாயிறு பள்ளி வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சாயங்கால ஆராதனைக்கு மட்டும் போகிறேன். "கலப்பையில் கை வைத்தவள் பின்னாடி திரும்பிப் பார்க்கலாமா?" என்று சபையில் ஒரு பெரியவர் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புது வருஷ ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்தம் எரேமியா 29:11. அந்த அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அப்பாவுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். தாகம் தாங்காமல் வாயில் அடக்கிக்கொள்ள ஒரு துண்டு ஐஸ் கேட்பார். எடுக்கப் போகும்போதெல்லாம் "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்கிற வரி கண்ணில் படும். எந்த முடிவு, ஆண்டவரே?

என் கேள்வி இதுதான். அவர் என்னை அழைத்தது உண்மை. அப்படியென்றால் இந்த நாட்களெல்லாம் அழைப்புக்கு வெளியே போகிற நாட்களா?

வியாசர்பாடி தம்பி:

அக்கா, யோசேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 17 வயதில் அவரை விற்றார்கள். எகிப்து ராஜா பார்வோன் முன்னால் போய் நிற்கும்போது அவருக்கு 30 வயது. நடுவில் குழி, அடிமை வேலை, பொய்ப் பழி, சிறை. பானபாத்திரக்காரன் வெளியே போனதும் அவரை மறந்தே போனான். ஆனாலும் தேவன் மறக்கவில்லை. உங்களுக்கும் நேரம் வரும், பொறுமையாக இருங்கள். ஜெபிக்கிறேன்.

காசிமேட்டு மகள்:

நன்றி தம்பி. யோசேப்பை நானும் அடிக்கடி நினைக்கிறேன். ஆனால் அவருக்குச் சிறை முடிந்து அரண்மனை வந்தது. அப்பாவுக்கு டயாலிசிஸ் முடியப்போவதில்லை, அவர் இருக்கிறவரைக்கும் இதுதான். அப்படியிருக்க, "நேரம் வரும்" என்று நான் காத்திருந்தால் எதற்காகக் காத்திருப்பதாக அர்த்தம்? அப்பா போன பிறகுதான் எனக்கு வழி என்று என் மனது ஒருநாள் கணக்குப் போட்டுவிடக் கூடாது. அந்தப் பயம்தான் என்னை இங்கே எழுத வைத்தது.

கொருக்குப்பேட்டை சகோதரர்:

சகோதரி, மனுஷருக்கு ஏற்ற மாதிரி சொல்ல எனக்குத் தெரியாது. அழைப்பு வந்தால் போக வேண்டும். தகப்பனை அடக்கம் பண்ணிவிட்டு வருகிறேன் என்று கேட்டவனுக்கே ஆண்டவர் விடை கொடுக்கவில்லை. குடும்பத்தை அவர் பார்த்துக்கொள்வார். விசுவாசம்தான் வேண்டும்.

எர்ணாவூர் அண்ணன்:

நான் போதகர் இல்லை, கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டால் மணிக்கணக்கில் நகராது, அப்போது கேபினில் உட்கார்ந்து வேதம் வாசிப்பது பழக்கம்.

முதலில் மேலே எழுதிய சகோதரருக்கு. மாற்கு 7-ஆம் அதிகாரத்தையும் கூடவே வைத்துப் படியுங்கள் ஐயா. அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான், இது தேவனுக்குக் காணிக்கை" என்று சொல்லித் தப்பித்தவர்களைத்தான் இயேசு அங்கே கண்டிக்கிறார். தேவனுடைய கட்டளையையே அவமாக்குகிறீர்கள் என்கிறார். வாரத்துக்கு 3 முறை மிஷினில் படுக்கிற அப்பாவை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போ என்று இந்தப் பிள்ளையிடம் சொல்ல என்னால் முடியாது.

தங்கச்சி, உங்கள் ஃபிரிட்ஜில் இருக்கிற வசனத்துக்கு வருகிறேன். அது பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போன ஜனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். 11-ஆம் வசனத்தை மட்டும்தான் அட்டையில் போடுகிறார்கள். 10-ஆம் வசனத்தில், 70 வருஷம் முடிந்த பிறகுதான் திரும்ப வரப்பண்ணுவேன் என்று இருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று சொன்னான். கேட்க எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை.

கர்த்தர் சொல்லி அனுப்பியது வேறு. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் சிறைபட்டுப் போயிருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தையே தேடுங்கள். இதெல்லாம் அவர்கள் விரும்பி வந்த ஊரிலா? இல்லை. இழுத்துக்கொண்டு போய்ப் போட்ட ஊரில்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எங்கள் பக்கம் எண்ணெய் வந்தது. எண்ணூர் கழிமுகம் கறுத்துப் போனது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் பிசுக்கு. மீனவ ஜனங்கள் பக்கெட்டால் அள்ளினார்கள். அது அடங்குவதற்குள் 26-ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊரையே காலி பண்ணிவிட்டுப் போ என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். அப்போது இந்த 29-ஆம் அதிகாரம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. போகிறவர்கள் தப்பு என்று சொல்லவில்லை. எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

அரண்மனை வராதவர்கள் கதை வேண்டும் என்றால் பவுலைப் பாருங்கள். ஸ்பானியாவுக்குப் போக வேண்டும் என்று ரோமர் 15-இல் எழுதுகிறார். அங்கே போய்ச் சேர்ந்ததாக வேதத்தில் எங்கேயும் இல்லை. ரோமாபுரிக்குக் கூடக் கைதியாகத்தான் போனார். அப்போஸ்தலருடைய நடபடிகள் முடிகிற இடம் எது தெரியுமா? ஒரு வாடகை வீடு. காவலுக்கு ஒரு சேவகன். அங்கே இரண்டு வருஷம், தன்னிடம் வந்த எல்லோரையும் ஏற்றுக்கொண்டார். அந்த இரண்டு வருஷத்தை யாராவது ஊழியம் இல்லை என்று சொல்வோமா?

ராயபுரம் அம்மா:

நான் ஓய்வுபெற்ற நர்ஸ். கண்ணு, நீ ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்? அதை எழுதவே இல்லையே.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்றபோது தேவன் முதலில் உபதேசம் பண்ணவில்லை. தூங்க விட்டார். தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்க விட்டார், மறுபடியும் சாப்பாடு. கேள்வி கேட்டது அப்புறம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போகிற உடம்பு "நான் விலகிவிட்டேன்" என்று சொன்னால், அதில் பாதி களைப்பு பேசுகிற பேச்சு.

அப்புறம், உங்கள் பாஸ்டரிடம் வாயைத் திறந்து உதவி கேள். வாரத்தில் ஒரு நாள் டயாலிசிஸுக்கு அப்பாவோடு சபையிலிருந்து யாராவது ஒருவர் போகட்டும். அன்றைக்கு அம்மா கடையைப் பார்த்தால் நீ படுக்கலாம். போகிறவருக்கு நான்கு விஷயம் சொல்லிக் கொடுத்தால் போதும்: ஃபிஸ்டுலா போட்ட கையில், அதாவது டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாயை இணைத்து வைத்திருக்கிற கையில், பிரஷர் பார்க்க விடக் கூடாது, அந்தக் கையில் பாரம் தூக்க விடக் கூடாது, ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நின்றதா என்று பார்க்க வேண்டும், எழுந்ததும் தலைசுற்றல் வரலாம் என்பதால் கொஞ்சம் உட்கார வைத்துத்தான் கூட்டிவர வேண்டும்.

யோசேப்பைப் பற்றி ஒன்று. சிறையில் கூட இருந்த பானபாத்திரக்காரன், சுயம்பாகி இரண்டு பேரின் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, ஏன் துக்கமாக இருக்கிறீர்கள் என்று கேட்டவர் அவர்தான். தன் துக்கத்துக்கு நடுவில் அடுத்தவன் முகத்தைப் பார்த்தார். எனக்கு அரண்மனையைவிட அந்த இடம்தான் பெரிது. டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே வாரா வாரம் அதே முகங்கள் உட்கார்ந்திருக்கும். உன் அம்மாவுக்கு அவர்கள் எல்லோரையும் தெரிந்திருக்கும், கேட்டுப் பார்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. ஃபைபர் படகு மீன்தான் வரும், உங்கள் வியாபாரம் குறைவாகத்தான் இருக்கும். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு. விபிஎஸ், அதான் பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி, நடத்த உனக்கு இதைவிட நல்ல நேரம் ஏது?

காசிமேட்டு மகள்:

அம்மா, அண்ணன், தம்பி எல்லோருக்கும் நன்றி. கொருக்குப்பேட்டை ஐயாவுக்கும்தான், அவர் அக்கறையில்தான் எழுதினார் என்று தெரியும்.

10-ஆம் வசனத்தை இன்றைக்குத்தான் நிதானமாக வாசித்தேன். அதை அட்டையின் கீழே பேனாவால் எழுதிவிட்டேன். என்னவோ, அதற்குப் பிறகு அந்த வசனம் என்னை உறுத்தவில்லை.

வார்டில் இருப்பவர்களைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். திருவொற்றியூரிலிருந்து ஒரு அண்ணன் துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக வருகிறாராம். அம்மா ஏற்கெனவே அவருக்கும் சேர்த்து இட்லி கட்டிக்கொண்டுதான் போகிறார். எனக்கு இது தெரியவே தெரியாது.

பாஸ்டர் ஐயாவிடம் பேசினேன். புதன்கிழமை அப்பாவோடு போக வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் ஒத்துக்கொண்டான். சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு எங்கள் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு வகுப்பு வைக்கலாம் என்றும் ஐயா சொன்னார், மாடி வீட்டு அம்மாவும் சரி என்றுவிட்டார்கள். கல்லூரி பற்றி நான் இன்னும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அந்த ஆசையை விடவில்லை. அஞ்சல் வழியில் வேதாகமப் படிப்பு ஏதாவது இருக்கிறதா என்றும் விசாரிக்கிறேன்.

மே மாதத்துக்கு விபிஎஸ் பாட்டுப் புத்தகமும், கதை சொல்லும்போது துணிப் பலகையில் ஒட்டிக் காட்டுகிற ஃபிளானல் படங்களும் வேண்டும். பழையது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ராயபுரத்துக்குள் என்றால் தம்பி சைக்கிளில் வந்து வாங்கிக்கொள்வான்.