இன்சுலாவுக்குத் தமிழ்ப்பெயர்: தீவா, உள்ளுறை மடலா?

அன்புடையீர், வணக்கம்.

மூளையின் இன்சுலா (இலத்தீனில் 'தீவு') என்னும் பகுதிக்குத் 'தீவுப் புறணி', 'அகப்புறணி', 'அருவருப்பு மையம்' என மூன்று பெயர்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. (புறணி என்பது மூளையின் வெளிப்படலம்.) மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. 'உள்ளுறை மடல்' என்பதை நான் முன்மொழிகிறேன்; அதிலும் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூளையின் பெரும்பிரிவுகளான மடல்களுள், நெற்றி மடலுக்கும் பொட்டு மடலுக்கும் இடையிலுள்ள பக்கப் பிளவை விரித்துப் பார்த்தால்தான் இப்பகுதி கண்ணில் படும். கருவளர்ச்சியின் தொடக்கத்தில் இது வெளியே தெரியும்படியே இருக்கிறது. சுற்றியுள்ள மடல்கள் இதைவிட விரைவாக வளர்ந்து மேலே கவிந்துகொள்வதால் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. இதை 1809-இல் விவரித்தவர் யோகான் கிறிஸ்டியான் ரைல் என்னும் செருமானிய மருத்துவர். 'ரைலின் தீவு' என்று பழைய நூல்கள் குறிப்பது இதைத்தான். (உளமருத்துவத் துறைக்கு மேலை நாடுகளில் இன்று வழங்கும் பெயரை 1808-இல் ஆக்கியவரும் அவரே என்பதால், சொல்லாக்கத்திலும் அவர் நமக்கு மூத்தவர்.)

தீவு என்ற உருவகம் இலத்தீனில் உறுத்துவதில்லை, ஏனெனில் அச்சொல்லைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் அதன் பொருளை நினைப்பதே இல்லை. தமிழில் அப்படியன்று. 'தீவு' என்றவுடன் எதனோடும் ஒட்டாமல் தனித்துக் கிடப்பது என்ற எண்ணம் எழும். இப்பகுதியோ அதற்கு நேர்மாறாக, உள்ளுறுப்புகளிலிருந்து வரும் செய்திகளும் வலி, வெப்பம், சுவை ஆகியவற்றின் செய்திகளும் வந்து கூடி, உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப்பகுதிக்கும் நெற்றி மடலுக்கும் பிரிந்து செல்லும் ஒரு சந்தி. 'இன்சுலா' என்றே ஒலிபெயர்த்து விட்டுவிடலாம் என்பாருக்கும் ஒரு சொல்: கணையத்தின் திட்டுகளில் சுரக்கும் இன்சுலினுக்கும் அதே இலத்தீன் வேர்தான் என்பதால், பொது வாசகர் இரண்டையும் இணைத்துக்கொள்வது ஏறத்தாழ உறுதி.

'அகப்புறணி' என்பதை நீண்ட நேரம் ஆராய வேண்டியதில்லை. புறணிக்கு எதிர்ச்சொல்லான அகணி என்பதைச் சிறுநீரகம் முதலியவற்றின் உட்பகுதிக்கு ஏற்கெனவே வழங்குகிறோம். அகமும் புறமும் ஒரே சொல்லில் மோதும்போது படிப்பவர் எதைப் பற்றிக்கொள்வார்?

'அருவருப்பு மையம்' என்பதுதான் மூன்றிலும் கவர்ச்சியானது, ஆபத்தானதும் அதுவே. அதற்கு அடிப்படை இருக்கிறது. கெட்ட நாற்றத்தை நாமே முகரும்போதும், முகர்ந்த இன்னொருவரின் முகச்சுளிப்பைப் பார்க்கும்போதும் இப்பகுதியின் முன்பாகம் கிளர்வதை 2003-இல் வெளிவந்த மூளைப்பட ஆய்வு ஒன்று காட்டியது. இங்கே சேதமுற்ற ஒருவர் பிறர் முகத்தில் அருவருப்பை அடையாளம் காண இயலாமல் போனதும் பதிவாகியுள்ளது. ஆனால் இப்பகுதியின் வேலை அருவருப்போடு நிற்கவில்லை. விழித்திருந்த வலிப்பு நோயாளிகளின் அறுவையில் நரம்பறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு 1950-களில் இவ்விடத்தை மின்னூட்டித் தூண்டியபோது, வயிற்றில் அசைவும் குமட்டலும் சுவையும் தோன்றியதாக அவர்கள் கூறினர். தம் இதயத்துடிப்பைத் தொட்டுப் பார்க்காமலே உணர்ந்து கணிக்கும் திறன், வலப்பக்க முன்பாகத்தின் செயற்பாட்டோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது. உடலின் நிலையைப் பின்பாகம் பதிவு செய்ய, அதை மனநிலையோடும் சூழலோடும் சேர்த்து 'நான் இப்போது இப்படி இருக்கிறேன்' என்னும் உணர்வாக முன்பாகம் ஆக்குகிறது என்பது நரம்பறிவியலாளர் பட் கிரெய்க்கின் கருத்து. எல்லோரும் அதை முழுமையாக ஏற்கவில்லை எனினும், உணர்ச்சியை உடலிலிருந்து பிரித்துப் பேச முடியாது என்பதை அது அழுத்தமாக நிறுவியது.

நோய்களின் பக்கம் வந்தால் அந்தப் பெயர் இன்னும் பொருந்தாமல் போகிறது. மூளைத்தாக்கால் இப்பகுதி சேதமுற்ற புகைப்பழக்கத்தினர் சிலர், புகைக்கும் வேட்கையே அற்று எளிதாக விட்டுவிட்டதை 2007-இல் வெளிவந்த ஆய்வு பதிவு செய்தது. வேட்கை என்பதும் உடலை உள்ளிருந்து உணர்வதன் ஒரு வடிவமே என்ற விளக்கம் அதிலிருந்து வலுப்பெற்றது. இவ்விடத்துத் தாக்குக்குப் பின் இதயத்துடிப்பு ஒழுங்கு கெடலாம் என்பதால் நோயாளியின் இதயத்தையும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. இங்கிருந்து கிளம்பும் வலிப்பு, தொண்டை இறுகுவதுபோன்ற உணர்வுடன் தொடங்கிப் பொட்டு மடல் வலிப்போ என்று மருத்துவரை மயங்க வைக்கும். நெற்றி, பொட்டு மடல்களைத் தாக்கும் மறதிநோயின் நடத்தை வகையில், இப்பகுதியின் முன்பாகத்திலுள்ள ஃபான் எக்கோனோமோ நரம்பணுக்கள் என்னும் பெரிய, கதிர்வடிவ நரம்பணுக்கள் தொடக்கத்திலேயே குறிப்பாக அழிகின்றன. அந்நோயாளிகளிடம் முதலில் குன்றுவது பெரும்பாலும் நினைவாற்றல் அன்று, பிறர் துயரில் பங்குகொள்ளும் இயல்பு. (அதை 'மறதிநோய்' என்று அழைப்பதே தவறான திசையில் இட்டுச்செல்கிறது, அது வேறொரு விவாதம்.) இவை அனைத்தையும் 'அருவருப்பு மையம்' என்ற பெயரின்கீழ் ஒரு மாணவர் படித்தால் என்ன விளங்கிக்கொள்வார்? செயல் பற்றிய அறிவு பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும், இடம் மாறாது. உடற்கூற்றுப் பெயர் இடத்தைத்தான் சொல்ல வேண்டும்.

'உள்ளுறை' அதைச் செய்கிறது. உள்ளே உறைவது, வெளிப்பார்வைக்கு மறைந்திருப்பது என்ற பொருளில் உள்ளுறை வெப்பத்தை இயற்பியல் மாணவரும், உள்ளுறை உவமத்தை இலக்கிய மாணவரும் அறிவர். 'மடல்' என்பதும் மிகைப்படுத்தல் அன்று. அனைத்துலக உடற்கூற்றுச் சொற்பட்டியலிலும் இதற்கு மடல் என்ற பெயர் உண்டு. உள்ளுறுப்புகளின் நிலையை உணரும் பகுதிக்கு 'உள்' என்ற அடை அமைவது தற்செயல் பொருத்தம். வாதமாக அதை நான் வைக்கவில்லை.

இனி அந்தச் சிக்கல். மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுகளை மூளையுறைகள் என்கிறோம். எனவே 'உள்ளுறை' என்று மட்டும் எழுதினால், உறைகளுள் உட்புறமானது என்று படிக்க இடமுண்டு. 'உள்ளுறையில் அழற்சி' என்ற தொடரைப் பார்த்து ஒருவர் மூளையுறை அழற்சி என்றே எண்ணிவிடக்கூடும். ஆகவே 'மடல்' என்பதை எந்த இடத்திலும் விட்டுவிடக் கூடாது. முன் உள்ளுறை மடல், பின் உள்ளுறை மடல், உள்ளுறை மடல் வலிப்பு என்றே நீட்டி எழுத வேண்டும். மேலே கவிந்திருக்கும் நெற்றி, சுவர், பொட்டு மடல்களின் விளிம்புகளுக்கு 'மூடுமடிப்பு' என்பது போதும் எனக் கருதுகிறேன். உடலின் உள்நிலையை உணர்வதற்கு 'உள்ளுணர்வு' வேண்டாம். அது காரணம் அறியாமல் தோன்றும் தெளிவுக்கு உரியதாகிவிட்டது. 'உடலகவுணர்வு' என்பது நாவில் எளிதாகப் புரளவில்லை என்றாலும், அதைவிடத் தெளிவான சொல் கிடைக்கும்வரை அதையே எழுதலாம்.