சீதன வீடு கொடுத்தாயிற்று, அம்மாவுக்கு எங்கே கட்டுவது?

வவுணதீவான்:
நம் மட்டக்களப்புப் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, வீடு பெண்பிள்ளைக்கு. தங்கச்சிக்குக் கல்வீட்டைக் கொடுத்துவிட்டு, அம்மாவும் புருஷனை இழந்த அக்காவும் அதே வளவுக்குள் பின்பக்கம் தகரக் கொட்டிலில் இருக்கிறார்கள். நான் மனைவி வீட்டில். மாரி வந்தால் கொட்டிலுக்குள் கணுக்கால் தண்ணீர். போன மழைக்கு அரிசி வாளியைக் கட்டிலில் ஏற்றி வைத்துவிட்டு, அம்மா விடியும்வரை கதிரையில் இருந்தா. வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் கொடுக்கப் போனால், "அந்த வளவில்தான் கல்வீடு இருக்கிறதே" என்று எழுதாமல் விட்டார்கள். தெருவில் படுத்தால்தான் வீடில்லாதவர் கணக்கில் சேர்ப்பார்களாக்கும்.

அக்காவின் பெயரில் 20 பேர்ச் அரச அனுமதிப்பத்திரக் காணி இருக்கிறது, பள்ளக் காணி. கையில் 7 லட்சம். மூன்று அறை வரைபடம் ஒன்றும் அக்கா வைத்திருக்கிறா. மைக்ரோ பைனான்ஸ் வேண்டவே வேண்டாம், ஒருமுறை பட்டது போதும். என்ன செய்யலாம்?

ஆரையம்பதி மேசன்:
தம்பி, முதலில் அந்த வரைபடத்தை மடித்து வை. 2012க்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேலை செய்தவன் நான். வீட்டுக்கு ஐந்தரை லட்சம், தவணை தவணையாக. சொன்ன அளவில் கட்டியவர்கள் குடிபோனார்கள். "கட்டுகிறதுதான் கட்டுகிறோம்" என்று அத்திவாரத்தை அகட்டி வெட்டியவர்கள், நகையை அடகு வைத்தும், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தோடு நின்றார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறை, முன்னால் விறாந்தை. அவ்வளவுதான். அடுத்த அறை வரவேண்டிய பக்கத்தில் ஒரு கல் விட்டு ஒரு கல்லைப் பல்லுப்போல நீட்டி விடச் சொல். பிறகு கட்டும் சுவர் வெடிக்காமல் சேரும். காணியில் நிற்கிற மரத்தில் வெள்ளத் தழும்பு இருக்கும், நிலமட்டம் அதற்கு ஒரு முழம் மேலே. பள்ளத்தை நிரப்பக் கிறவல் மண் போட்டால் ஒரு மாரி கிடக்க விடு. மிச்சம் பிடிப்பதென்றால் பூச்சில் பிடி, கூரையில் பிடிக்காதே.

களுவாஞ்சிக்குடி அக்கா:
தங்கச்சிக்கு உறுதி எழுதும்போதே அம்மாவுக்குச் சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கிற உரிமை, வைத்திருக்கலாம், நாங்கள் வைத்தோம். சரி, போனது போகட்டும். அம்மாவையும் அக்காவையும் தனிக் குடும்பமாகக் கிராம சேவகரிடம் பதியப் பாருங்கள். அந்தப் பதிவைக் காட்டித்தான் என் மாமி வீட்டுத்திட்டப் பட்டியலில் ஏறினா.

அக்கரைப்பற்றான்:
பட்டியலை நம்பிக் குந்தியிருக்காதே மச்சான். எங்கள் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமியில் வீடிழந்தவர்களுக்கென்று சவூதிக் காசில் 500 வீடு கட்டினார்கள். யாருக்குக் கொடுப்பது என்று வழக்காகி, 2008இல் தீர்ப்பும் வந்தது. வீடுகள் வருடக்கணக்காகப் பூட்டியபடி காடேறிக் கிடந்தன.

வவுணதீவான்:
அக்கா, உரித்து இருந்தாலும் மருமகன் முகத்தைப் பார்த்துப் பார்த்து அம்மா அந்த வீட்டில் இருக்க மாட்டா. ஒரு அறைதான் என்று முடிவு. வரைபடத்தை அக்கா இன்னும் மடிக்கவில்லை. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: அடுப்படி உள்ளே வேண்டாம், விறாந்தைக்குப் பக்கத்தில் அரைச்சுவரோடு வேண்டுமாம். அதற்கு எத்தனை கல் கூடப் போகும், மேசன் அண்ணன்?