முதல் சேமிப்பிலேயே பசுமை முதலீடு: இளம் பிள்ளைகளை இழுப்பது எது?

கேள்வி (ஒரு அப்பா):
என் மகளுக்கு 24 வயது. முதல் சேமிப்பை எங்கே போடலாம் என்று கேட்டாள். நானும் ஒரு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டை, அதாவது சந்தைக் குறியீட்டில் உள்ள எல்லாக் கம்பெனிகளிலும் பணத்தைப் பிரித்துப் போடும் ஃபண்டைக் காட்டினேன். லாபக் கணக்கை அவள் பார்க்கவே இல்லை. நேராக ஃபண்டு வைத்திருக்கும் பங்குகளின் பட்டியலைத் திறந்து, ஒரு பெயரில் விரலை வைத்து, "அப்பா, இது நிலக்கரி கம்பெனி. இதுல என் பணமா?" என்றாள். இருபது வருடமாக முதலீடு செய்கிறேன், அந்தப் பட்டியலை ஒருநாளும் முழுதாகப் படித்ததில்லை. அவளைத் தடுக்க எனக்கு மனமில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இந்த வயதில், சுற்றுச்சூழலைப் பார்த்துப் பணம் போடும் இந்தப் பசுமை முதலீட்டில் இறங்கியவர்கள் சொல்லுங்கள், உங்களை இழுத்தது எது?

பதில் 1:
நான் சொல்கிறேன் சார், எனக்கு 27. ஓய்வுக்காகப் போடும் பணத்தை நான் கையில் எடுக்கும்போது 2050 தாண்டியிருக்கும். 2015இல் பாரிஸ் ஒப்பந்தத்தில் நாடுகள், உலக வெப்பம் 1.5 டிகிரிக்கு மேல் உயராமல் பார்க்க முயல்வோம் என்று பேசின. அது நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்த வெயிலில் வயதாகப் போவது நாங்கள்தான். என் பணமே அதைக் கூட்டினால் எப்படி?

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த எண்ணம் கல்லூரி நாளிலிருந்தே இருந்தது, ஒரு காசுகூடப் போடவில்லை. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் கூட வேலை பார்க்கும் அக்கா தன் போனைத் திருப்பிக் காட்டினார். எந்தக் கம்பெனியில் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, எங்கே அழுத்த வேண்டும் என்று பத்து நிமிடம். அன்றைக்கே ஆரம்பித்தேன். அய்சன் என்ற உளவியலாளர் 1991இல் எழுதியது இதுதான்: விருப்பம் மட்டும் போதாது, நமக்கு வேண்டியவர்கள் அதைச் சரி என்று நினைக்க வேண்டும், நம்மால் முடியும் என்ற தைரியமும் வேண்டும். எனக்குப் பின்னிரண்டும் அந்த அக்காவிடமிருந்து வந்தவை.

பதில் 2:
முதலீட்டு ஆலோசகராக ஒரு வார்த்தை. "நல்லதும் நடக்கும், லாபமும் கூடும்" என்று நம்பி வந்த சில இளைஞர்கள் 2022இல் மனமுடைந்து போனார்கள். உக்ரைன் போரால் எண்ணெய்க் கம்பெனிப் பங்குகள் ஏறின, அவற்றைத் தவிர்த்த ஃபண்டுகள் பல பின்தங்கின. கொள்கைக்காக வந்தவர்கள் அசையவில்லை. ரீடல், ஸ்மீட்ஸ் இருவரும் 2017இல் வெளியிட்ட நெதர்லாந்து ஆய்வும் இதற்குப் பொருந்துகிறது. இப்படிப்பட்ட ஃபண்டு வைத்திருந்தவர்களில் பலர் லாபம் குறையும் என்று தெரிந்தேதான் வைத்திருந்தார்கள். உங்கள் மகளிடம் முதலில் இதைப் பேசிவிடுங்கள்.

பதில் 1 (மீண்டும்):
அவர் சொல்வது சரி. என்னை உலுக்கியது நஷ்டமல்ல, வேறொன்று. பெயரிலேயே பசுமை இருந்த என் ஃபண்டில், முதல் பத்துப் பங்குகளுக்குள் ஒரு எண்ணெய்க் கம்பெனி! எழுதிக் கேட்டேன். "அந்தத் துறையில் அதுதான் மேல்" என்று பதில் வந்தது. சில ஃபண்டுகள் ஒரு துறையையே ஒதுக்கும், சில ஒவ்வொரு துறையிலும் இருப்பதில் நல்லதைப் பொறுக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதை முன்பே சொல்லியிருக்கலாம் அல்லவா? அன்று மிகவும் வலித்தது. விற்றுவிட்டு, ஒதுக்கும் வகைக்கு மாறினேன். ஐரோப்பாவில் 2024இல் வந்த விதிமுறைப்படி, இப்படிப் பெயர் வைக்கும் ஃபண்டு 80 சதவீதமாவது அதற்கேற்ற முதலீடாக வைத்திருக்க வேண்டும். எல்லா இடத்திலும் இது வரவேண்டும் சார்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அம்மா. நேற்று இரவு மகளும் நானும் உட்கார்ந்து மூன்று ஃபண்டுகளின் பட்டியலை வரிவரியாகப் படித்தோம். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். இப்போது அடுத்த கேள்வி கேட்கிறாள்: கம்பெனிக் கூட்டத்தில் நம் பங்குக்கு ஓட்டுப் போடுவது யார், எந்தப் பக்கம் போடுகிறார்கள்? 2021இல் எக்ஸான் மொபில் என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியில் வெறும் 0.02 சதவீதப் பங்கு வைத்திருந்த ஒரு சிறிய ஃபண்டு, மற்ற பங்குதாரர்களைச் சேர்த்துக்கொண்டு இயக்குநர் குழுவில் மூன்று இடம் பிடித்த கதையை எங்கோ படித்திருக்கிறாள். ஃபண்டுகள் எப்படி ஓட்டுப் போட்டன என்பதை எங்கே பார்ப்பது என்று யாராவது சொல்லுங்கள்.