எச்பிவி பாசிட்டிவ், பாப் ஸ்மியர் நார்மல். எதை நம்புவது?

செண்பகம்:

வணக்கம். எனக்கு 41 வயது, தென்காசிப் பக்கம். வெள்ளைப்படுதலுக்காகத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் போனேன். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "நாற்பது தாண்டிவிட்டது, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் எடுத்துவிடலாமே" என்றார். சின்ன பிரஷ்ஷால் எடுத்து, திரவம் இருந்த ஒரு குப்பியில் போட்டு அனுப்பினார்கள். பத்து நாளில் ரிப்போர்ட் வாட்ஸாப்பில் வந்தது.

எச்பிவி என்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸாம். அதில் எச்பிவி 16 வகை நெகட்டிவ், எச்பிவி 18 வகை நெகட்டிவ், பிற ஹை ரிஸ்க் வகைகள் பாசிட்டிவ். அடுத்த பக்கத்தில் பாப் ஸ்மியர் முடிவு "என்ஐஎல்எம்". போன் செய்து கேட்டால், "பயமில்லை, ஒரு வருடம் கழித்து வாருங்கள்" என்று வைத்துவிட்டார்கள்.

பாசிட்டிவ் என்றால் எப்படி நார்மல்? ஒரே குப்பிதானே? என் பெரியம்மா 2009இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில்தான் போனார். மாதவிலக்கு நின்ற பிறகு உதிரம் பட்டதை ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் "ஒரு வருடம்" என்று கேட்டதுமே வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இந்த வைரஸ் தாம்பத்தியம் வழியாக வருவது என்று படித்ததிலிருந்து வீட்டுக்காரரிடம் சரியாகப் பேசவும் முடியவில்லை.

மதுரை லேப் அக்கா:

செண்பகம், உங்கள் ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று எங்கும் இல்லை. என்ஐஎல்எம் என்றால் செல்களில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ தென்படவில்லை என்று பொருள்.

நான் சைட்டாலஜி டெக்னீஷியன், அதாவது ஆய்வகத்தில் செல்களைப் பார்ப்பவள், 19 வருடமாக இதே வேலை. குப்பி ஒன்றுதான், ஆனால் அதனிடம் நாங்கள் இரண்டு கேள்வி கேட்கிறோம். ஒரு பகுதியைக் கண்ணாடியில் மெல்லியதாகப் படியவைத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். உட்கரு பெருத்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா, அதைச் சுற்றி வெள்ளை வளையம் விழுந்திருக்கிறதா என்று தேடுவோம். அதுதான் பாப் ஸ்மியர். வைரஸ் செல்லை ஏதாவது செய்துவிட்டதா என்பதுதான் அங்கே கேள்வி. இன்னொரு பகுதி பிசிஆர் இயந்திரத்துக்குப் போகும், அதுதான் எச்பிவி டெஸ்ட். அது செல்லின் உருவத்தைப் பார்ப்பதே இல்லை. வைரஸின் டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பெருக்கி, இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். உங்களுக்கு வைரஸ் இருக்கிறது, செல் கெடவில்லை. இரண்டு முடிவும் ஒன்றோடொன்று மோதவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மரக்கரண்டியால் வழித்து நேரே கண்ணாடியில் தேய்த்த ஸ்லைடுகள்தான் வரும். தேய்த்த கையோடு ஆல்கஹாலில் முக்க வேண்டும். முகாமில் கூட்டம் கூடினால் அது தவறிவிடும். காய்ந்துபோன ஸ்லைடில் உட்கரு உப்பி மங்கிப்போகும், ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு முகாமிலிருந்து வந்த கட்டில் பாதிக்கு மேல் "படிக்க இயலவில்லை" என்று எழுதி அனுப்பினேன். மறுபடி எடுத்த ஸ்லைடு ஒன்றுகூட வரவில்லை. அந்தப் பெண்களிடம் யாராவது சொன்னார்களா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். குப்பி வந்த பிறகு இந்தச் சிக்கல் பெரும்பாலும் போயிற்று. பிசிஆரில் மனித செல்லின் ஒரு ஜீனையும் சேர்த்தே தேடுவோம். அது தெரியவில்லை என்றால் மாதிரி சரியில்லை என்று இயந்திரமே காட்டிக்கொடுத்துவிடும்.

நல்ல ஸ்லைடிலும் கண் தவறவிடுவது உண்டு. கனடாவில் பத்தாயிரம் பெண்களிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை தேவைப்படும் அளவு மாற்றம் இருந்தவர்களில் சுமார் 55 சதவீதம் பேரைத்தான் பாப் ஸ்மியர் பிடித்தது. எச்பிவி டெஸ்ட் சுமார் 95 சதவீதம் பேரைப் பிடித்தது. ஸ்லைடு பார்த்தே பிழைக்கிற எனக்கு அந்த எண்ணை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆனது. உலக சுகாதார நிறுவனமும் 2021இல் எச்பிவி டிஎன்ஏவையே முதல் பரிசோதனையாகச் சொல்லிவிட்டது. 30 வயதிலிருந்து, ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்கிறது.

ஆனால் நிலைத்து நிற்கப்போகும் வைரஸையும் தானாகப் போய்விடும் வைரஸையும் அந்த டெஸ்ட் ஒன்றாகத்தான் பாசிட்டிவ் என்று காட்டும். பெரும்பாலான தொற்றுகள் ஓரிரு வருடத்தில் உடம்பே துடைத்துவிடும். போகாமல் தங்கினாலும் புற்றுநோயாக மாற வழக்கமாக 15, 20 வருடம் ஆகும். இந்த நோயில் பத்துக்கு ஏழு 16, 18 என்ற இரண்டு வகைகளால் வருவது. அவை இருந்திருந்தால், ஸ்மியர் நார்மலாக இருந்தாலும் கால்போஸ்கோப்பிக்கு, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்பியிருப்பார்கள். உங்களுக்கு அவை இல்லை, செல்லும் நார்மல். அதனால்தான் ஒரு வருடம். அப்போதும் பாசிட்டிவ் என்றால் கால்போஸ்கோப்பி கேளுங்கள்.

இடையில் இன்னொரு வழியும் வந்திருக்கிறது: டூயல் ஸ்டெயின். செல்லில் உள்ள பி16, கேஐ-67 என்ற இரண்டு புரதங்களுக்குத் தனித்தனி நிறத்தில் சாயம் ஏற்றிப் பார்ப்பது. ஆரோக்கியமான ஒரே செல்லில் இரண்டும் சேர்ந்து வராது, ஏனென்றால் ஒன்று செல் பிரிவதை நிறுத்துவது, மற்றது பிரிகிறது என்பதற்கு அடையாளம். வைரஸ் பிடி இறுகிய செல்லில் இரண்டும் சேர்ந்து தெரியும்: உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் பழுப்பு, உட்கரு சிவப்பு. அமெரிக்காவில் 2020இல் அனுமதி கிடைத்தது. நம்மிடம் எல்லா ஆய்வகத்திலும் இல்லை, கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், வீட்டுக்காரர் விஷயம். இந்த வைரஸ் பல வருடம் ஓசையில்லாமல் கிடக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த ஆய்வகத்தாலும் சொல்ல முடியாது. திருமணமான பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போவதுதான் இது. இந்த ரிப்போர்ட்டை வைத்து அவரையும் சந்தேகிக்காதீர்கள், உங்களையும் நொந்துகொள்ளாதீர்கள்.

நிலக்கோட்டை நர்ஸ்:

அக்கா சொல்வது சரி. நான் கிராம சுகாதார செவிலியர். எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை என்ற ஊரை மையமாக வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் முறையில் ஒரே ஒரு தடவை பார்த்ததற்கே, இந்த நோயால் சாவது 35 சதவீதம் குறைந்தது. 2007இல் வெளிவந்தது. ஆனால் மகாராஷ்டிராவில் உஸ்மானாபாத்தில் எச்பிவி டெஸ்டும் சேர்த்து ஒப்பிட்டபோது, சாவைப் பாதியாகக் குறைத்தது அந்த டெஸ்ட்தான். அது 2009.

என் சிரமம் வேறு. மேஜையில் படுக்க மாட்டேன் என்று திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம். மாதிரியை அவர்களே எடுத்துக் கொடுக்கலாமா?

மதுரை லேப் அக்கா:

எடுக்கலாம். பிசிஆர் முறையாக இருந்தால், அவர்களே குச்சியால் எடுத்ததும் டாக்டர் எடுத்ததும் ஏறக்குறைய ஒரே அளவு பிடிக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலையிலிருந்து பரிசோதனைக்கு வரும் எல்லாப் பெண்களுக்குமே அந்த வசதி உண்டு. காசநோய்க்குச் சளி பார்க்கிற ட்ரூநாட் பெட்டியிலும் எச்பிவி சிப் போட முடியும்.

ஒன்றை மட்டும் அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள் தங்கச்சி. அப்படி எடுத்ததில் கர்ப்பப்பை வாய்ச் செல் போதுமான அளவு இருக்காது, அதை வைத்து ஸ்மியர் படிக்க முடியாது. பாசிட்டிவ் வந்தால் ஒருமுறை மேஜைக்கு வரத்தான் வேண்டும். அந்த ஒரு நடைக்குக் கூட்டிவர ஆள் இல்லையென்றால் குச்சி கொடுத்ததே வீண்.

செண்பகம்:

நன்றி அக்கா, இரண்டு பேருக்கும். நேற்று இரவு இவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். முழுதாகப் படித்துவிட்டு, அடுத்த வருடம் தானும் கூட வருவதாகச் சொன்னார். அம்மாவுக்கு 66, ஒருமுறைகூட எடுத்ததில்லை. இனி வேண்டாமா?

மதுரை லேப் அக்கா:

65இல் நிறுத்தலாம் என்பது முன்பே ஒழுங்காக எடுத்து நெகட்டிவ் வந்தவர்களுக்கு. ஒருமுறையும் எடுக்காத அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். உங்கள் பெரியம்மாவுக்குப் பட்டதுபோல் உதிரம் ஏதாவது படுகிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். படுகிறது என்றால் எச்பிவி டெஸ்டுக்காகக் காத்திருக்காமல் நேரே பெண்கள் நல மருத்துவரிடம் போய்விடுங்கள்.