அந்த ஆறு நொடி

குழு: மேலவீதி வீடு

15 மே 2024, புதன்

மைதிலி (காலை 7.24): இங்கே அமெரிக்காவில் இன்னும் 14ஆம் தேதி இரவுதான், பெண்கள் கூடைப்பந்து ஆட்டம் இப்போதுதான் முடிந்துவிட்டது. கனெக்டிகட் சன் 92, எங்கள் ஊர் இண்டியானா ஃபீவர் 71. கெய்ட்லின் கிளார்க் தம்முடைய முதல் தொழில்முறை ஆட்டத்தில் 20 புள்ளிகள் எடுத்தார். ஆனால் 10 டர்ன்ஓவர். ஒரு மாதமாக இந்தப் பெண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த என் அலுவலக நண்பர்கள் இப்போது வாயே திறக்கவில்லை.

கயல் (7.31): அக்கா, கல்லூரியில் 3,951 புள்ளிகள் எடுத்து, ஆண்கள் பிரிவின் சாதனையையும் சேர்த்து முறியடித்தவருக்கா இந்த நிலை?

தாத்தா (7.40): டர்ன்ஓவர் என்றால் என்ன என்பதை யாராவது சொல்லுங்கள். இந்தக் குழுவில் முழு வாக்கியமாகத்தான் எழுத வேண்டும் என்று நான் சொன்னது சொற்சுருக்கத்தைத் தடுக்கத்தான், விளக்கத்தைத் தடுக்க அல்ல.

சேகர் சித்தப்பா (7.52): அப்பா, கூடையை நோக்கி எறியாமலேயே பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பதுதான் டர்ன்ஓவர். கயல், உனக்கும் சேர்த்தே சொல்கிறேன். அமெரிக்காவில் கல்லூரிப் பெண்களின் ஆட்டத்துக்கும் டபிள்யூ.என்.பி.ஏ. என்ற தொழில்முறைப் பெண்கள் லீக்கின் ஆட்டத்துக்கும் பந்து ஒன்றுதான், பத்துப் பத்து நிமிடமாக நான்கு கால்பகுதிகளும் ஒன்றுதான், மூன்று புள்ளிக் கோடுகூட 2021-22 முதல் இரண்டிலும் 6.75 மீட்டர்தான். ஆகவே தொலைவிலிருந்து எறிவது அவருக்குப் புதிய வேலை அல்ல. மாறியது கடிகாரம். கல்லூரியில் ஒரு தாக்குதலுக்கு 30 நொடி, இங்கே 24. நடுக்கோட்டைக் கடக்க அங்கே 10 நொடி, இங்கே 8. கல்லூரியில் முதல் உத்தி அடைபட்டால் பந்தை வெளியே எடுத்து இன்னொன்றைத் தொடங்கலாம். இங்கே அது அடைபட்டதும் நிமிர்ந்து பார்த்தால் கடிகாரத்தில் ஏழோ எட்டோதான் மிச்சமிருக்கும்.

கயல் (7.58): அப்பா, நாங்கள் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி ஆடுவதால் எங்களுக்கு எப்போதும் 24 நொடிதான். எங்கள் திடலில் அந்தக் கடிகாரமே கிடையாது, நடுவர் மனத்துக்குள் எண்ணிக்கொள்கிறார் என்பது வேறு விஷயம்.

சேகர் சித்தப்பா (8.03): அதனால்தான் ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்குக் கடிகாரம் பெரிய சிக்கலாக இருப்பதில்லை.

மைதிலி (8.10): நொடி மட்டும் காரணமில்லை, சித்தப்பா. கனெக்டிகட்டின் டிஜோனை கேரிங்டன் இன்று கிளார்க்கை எப்படிக் காத்தார் என்று பார்த்திருக்க வேண்டும். பந்து கைக்கு வருவதற்கு முன்பே, அதுவும் கிளார்க்கின் பாதி ஆடுகளத்திலேயே, அவருடைய மார்போடு மார்பாக நின்றார். உடன் ஆடுகிறவர் குறுக்கே நின்று வழி ஏற்படுத்தும் ஸ்கிரீனைச் சுற்றி வந்தால் அந்தப் பக்கம் இன்னொருவர் காத்திருந்தார். கல்லூரியில் இப்படிக் காக்கக்கூடியவர் ஓர் அணியில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். இங்கே மாற்றாக இறங்குகிறவர்கூடத் தம் கல்லூரியில் முதல் ஆளாக இருந்தவர்.

சேகர் சித்தப்பா (8.19): கணக்கு அதுதான். கல்லூரி ஆட்டத்தின் முதல் பிரிவில் மட்டும் சுமார் 350 பல்கலைக்கழகங்கள். இந்த லீக்கிலோ 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர், மொத்தம் 144 இடம். ஆண்களுக்கு ஜி லீக் என்று ஒரு படி கீழே இருக்கிறது, அங்கே போய் முதிர்ந்து வரலாம். பெண்களுக்கு அந்தப் படி இல்லை. பயிற்சி முகாமில் இடம் கிடைக்காவிட்டால் வெளிநாட்டு லீக் அல்லது வேறு வேலை.

மைதிலி (8.24): கிளார்க்குடன் அயோவாவில் ஆடிய கேட் மார்ட்டின், லீக் அணிகள் புதிய வீராங்கனைகளை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் தேர்வு விழாவுக்குத் தோழியை வாழ்த்தப் பார்வையாளராகப் போனவர். அரங்கில் உட்கார்ந்திருந்தபோதே லாஸ் வேகாஸ் ஏசஸ் 18ஆவதாக அவர் பெயரை அழைத்தது. முகாமையும் தாண்டி அணியில் இருக்கிறார்.

தாத்தா (8.41): அந்தப் பெண்ணுக்கு இடையில் எத்தனை நாள் ஓய்வு கொடுத்தார்கள்?

மைதிலி (8.50): ஏப்ரல் 7 அன்று கல்லூரி இறுதியாட்டத்தில் தென் கரோலினாவிடம் தோற்றார். 15ஆம் தேதி முதல் ஆளாகத் தேர்வானார், மாதக் கடைசியில் முகாம், மே 14 அன்று முதல் ஆட்டம். மொத்தம் 37 நாள், தாத்தா. ஆண்களுக்கு ஜூனில் தேர்வு, அக்டோபரில்தான் ஆட்டம். சம்பளத்தைக் கேட்காதீர்கள்: முதல் ஆண்டுக்கு 76,535 டாலர்.

17 மே 2024, வெள்ளி

மைதிலி (காலை 8.05): நேரிலேயே போயிருந்தேன். அரங்கில் 17,274 பேர், எனக்கு முன்வரிசையில் கிளார்க்கின் 22ஆம் எண் சட்டை அணிந்த சிறுமிகள். நியூயார்க் லிபர்ட்டி 102, ஃபீவர் 66, கிளார்க் 9 புள்ளி. கடைசிக் கால்பகுதியில் அந்தச் சிறுமிகள் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பாப்கார்னில் இறங்கிவிட்டார்கள்.

சேகர் சித்தப்பா (8.30): கிளார்க்குக்கு முன் கல்லூரிப் பெண்களில் அதிகப் புள்ளிச் சாதனையை வைத்திருந்த கெல்சி பிளம்மைப் பாருங்கள். 3,527 புள்ளிகளோடு 2017இல் முதல் ஆளாகத் தேர்வாகி, முதல் ஆண்டில் ஆட்டத்துக்கு 8.5 புள்ளிதான் எடுத்தார். 2021இல் மாற்று ஆட்டக்காரராக இறங்கிச் சிறந்த ஆறாவது வீராங்கனை விருது வாங்கினார், 2022லும் 2023லும் கோப்பை வென்ற அணியில் இருந்தார். எல்லாவற்றையும் தாமே செய்து பழகிய கைக்கு, பந்து இல்லாமல் காத்திருப்பதைக் கற்பதுதான் கடினம். பயிற்சியாளனாக எனக்குத் தெரிந்தவரை, அதைச் சொல்லிக்கொடுக்கவும் முடியாது.

7 ஜூலை 2024, ஞாயிறு

மைதிலி (அதிகாலை 1.02): எல்லோரும் தூங்கியிருப்பீர்கள். அதே நியூயார்க்கை 83-78 என்று வென்றோம். கிளார்க்குக்கு 19 புள்ளி, 12 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 13 அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்யும் பாஸ்). இந்த லீக்கில் முதல் ஆண்டு வீராங்கனை ஒருவர் இப்படி மூன்று கணக்கிலும் பத்தைத் தொடும் டிரிபிள் டபுள் எடுப்பது இதுவே முதல் முறை.

கயல் (1.05): நான் தூங்கவில்லை, அக்கா. இப்போது மட்டும் என்ன மாறியது?

மைதிலி (1.16): தொடக்கத்தில் 20 நாளில் 11 ஆட்டம் ஆடியதில் பயிற்சிக்கே நேரமில்லை. அவர் அனுப்பும் பாஸ் எந்த நொடியில் வரும் என்று உடன் ஆடுகிறவர்களுக்குத் தெரியாமல் அது விரலில் பட்டு வெளியே போகும். இப்போது எங்கள் அணியின் அலியா பாஸ்டன் ஸ்கிரீன் போட்டுத் திரும்பும்போதே கையை விரித்துக்கொண்டு திரும்புகிறார். கிளார்க்கும் எதிரணி ஓடிவந்து நிலைகொள்ளும்வரை காத்திராமல், ரீபவுண்ட் கிடைத்த கையோடு நீளப் பந்தை முன்னால் ஓடுகிறவருக்கு எறிந்துவிடுகிறார். கடிகாரம் 24இலிருந்து 20க்கு இறங்குவதற்குள் கூடை விழுந்துவிடுகிறது.

சேகர் சித்தப்பா (காலை 6.10): குறைந்துபோன அந்த ஆறு நொடியை அவர் தேடவே இல்லை என்று சொல்.

26 செப்டம்பர் 2024, வியாழன்

மைதிலி (காலை 8.20): முடிந்தது. பிளே-ஆஃப் முதல் சுற்றில் கனெக்டிகட்டிடமே 0-2. முதல் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் தோற்ற அணி 20 வெற்றி, 20 தோல்வியோடு லீக் கட்டத்தை முடித்தது. ஒலிம்பிக் இடைவேளைக்குப் பிறகு மட்டும் 14இல் 9 வெற்றி.

கயல் (8.26): ஒரே பருவத்தில் கிளார்க்கின் 337 அசிஸ்டும் லீக் சாதனை, 223 டர்ன்ஓவரும் லீக் சாதனை. அப்படியானால் தவறு குறையவில்லையே!

சேகர் சித்தப்பா (8.35): குறைந்தால்தான் பழகிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். துணிந்து பாஸ் கொடுக்கிறவரிடம் இரண்டும் சேர்ந்தே வரும். நீ கூடைக்கு அடியில் ஆடுகிறவள், ஆகவே கிளார்க்கைப் போலவே இந்த ஆண்டு லீக்குக்கு வந்த ஏஞ்சல் ரீஸைப் பார். கல்லூரியில் அவர் உடல் பலத்தால் எளிதாகப் போட்ட கூடைகளை இங்கே உயரமானவர்கள் தட்டிவிட்டார்கள். எறிந்ததில் 39 சதவீதம்தான் விழுந்தது. ஆனால் விழாத பந்தை அவரே மறுபடி எடுத்தார். ஆட்டத்துக்குச் சராசரி 13.1 ரீபவுண்ட். கை மணிக்கட்டில் அடிபடும்வரை நிறுத்தவில்லை.

கயல் (8.41): அப்படியென்றால் நாளைப் பயிற்சியில் இடது கையால் முடிப்பதை மட்டும் பார்க்கலாமா, அப்பா? வலது பக்கம் வந்தாலே எல்லோரும் தட்டிவிடுகிறார்கள்.

சேகர் சித்தப்பா (8.43): ஐந்தரை மணிக்குத் திடலில் இரு. கடிகாரத்துக்குப் பதிலாக நான் விசில் ஊதுகிறேன்.

தாத்தா (8.58): மைதிலி, அடுத்த ஆட்டம் எப்போது?

மைதிலி (9.01): இனி மே மாதம்தான், தாத்தா.

தாத்தா (9.04): நல்லது. அந்தப் பெண் அதுவரையாவது கொஞ்சம் தூங்கட்டும்.