கோபன்ஹேகனிலிருந்து மால்மோவுக்கு ஒருநாள் ரயில் பயணம்: ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதம் கோபன்ஹேகனில் தங்கியிருக்கும்போது, 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஓரசுண்ட் பாலத்தின் வழியாக ரயிலில் ஸ்வீடனின் மால்மோ நகருக்குக் காலையில் சென்று மாலையில் திரும்ப எண்ணியுள்ளோம். பயணம் ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள்தான் என்பதால் நேரம் குறித்துக் கவலையில்லை. உடன் வரும் என் அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதுதான் யோசிக்க வைக்கிறது.

மத்திய நிலையம் வரை போகாமல், அதற்கு முன்பே நிலத்தடியில் உள்ள ட்ரியாங்கெல்ன் நிலையத்தில் இறங்கி, வாகனங்கள் இல்லாத கடைத்தெருக்கள் வழியே வடக்கு நோக்கி மெல்ல நடந்து, பெரிய சதுக்கத்தையும் அதை ஒட்டிய லில்லா டோரி என்னும் சிறு சதுக்கத்தையும் பார்த்துவிட்டு, மத்திய நிலையத்தில் ரயிலேறினால், நடந்த வழியிலேயே திரும்ப நடக்க வேண்டியிராது என்பது என் கணக்கு. ஆனால் லில்லா டோரியில் பாவியிருக்கும் உருண்டைக் கற்கள் முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம் தருமா? வழியில் உட்கார இருக்கைகள் உண்டா?

190 மீட்டர் உயரமுள்ள டர்னிங் டோர்சோ என்னும் கட்டடத்தைத் தொலைவிலிருந்து பார்த்தாலே எங்களுக்குப் போதும். மால்மோஹுஸ் கோட்டைக்கு மட்டும் பேருந்தில் போகலாமா என்று யோசிக்கிறோம்.

ஸ்வீடனுக்குள் நுழையும்போது ரயிலில் அடையாளச் சோதனை நடப்பதுண்டு என்பதால் பாஸ்போர்ட்டுகளை எடுத்து வருவோம். டென்மார்க் நாணயமான டேனிஷ் குரோனர் அங்கே செல்லாது என்பதால் வங்கி அட்டையை மட்டும் நம்பிச் செல்லலாமா என்பதையும், அண்மையில் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.